சைனஸ் சிடி: டோஸைக் குறைக்க எதில் முதலில் கைவைப்பது?

மூளையின் சிடி ஸ்கேனுக்குக் கொடுக்கும் டோஸ் (கதிர் அளவு) சைனஸ் ஸ்கேனுக்குத் தேவையே இல்லை. சைனஸ் என்பது மூக்கைச் சுற்றி முக எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள். மூளையில் சாம்பல் பகுதிக்கும் வெண் பகுதிக்கும் உள்ள வித்தியாசம் பத்து ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணுக்குள் (சிடி படத்தில் அடர்த்தியைச் சொல்லும் எண்) அடங்கிவிடும். அதைப் பிரித்துக் காட்டத்தான் அவ்வளவு கதிரைச் செலவழிக்கிறோம். சைனஸில் பார்க்க வேண்டியவை காற்று, சளிச்சவ்வு, எலும்பு ஆகிய மூன்றுதான். காற்று -1000 பக்கம் இருக்கும். சவ்வும் திரவமும் பூஜ்யத்துக்குச் சற்று மேலே. எலும்பு பல நூறுகளில். இவ்வளவு தள்ளித் தள்ளி நிற்பவற்றைப் பிரிக்க, படம் கொஞ்சம் புள்ளிப்புள்ளியாக இருந்தாலும் போதும்.

இதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். விண்டோ என்பது திரையில் கருப்பிலிருந்து வெள்ளை வரை விரித்துக் காட்டும் எண்களின் வரம்பு. எலும்பு விண்டோவின் அகலம் 2000. திரையில் 256 சாம்பல் படிகள். அதாவது ஒரு படிக்கு ஏறத்தாழ 8 எண். படத்தின் நாய்ஸ் (புள்ளிப்புள்ளியாகத் தெரியும் ஆட்டம்) 40 என்றால் திரையில் ஐந்து படி ஆட்டம். கண்ணுக்கு அவ்வளவாக உறைக்காது. அதே 40, மூளைக்கு வைக்கும் 80 அகல விண்டோவில் பாதியை விழுங்கிவிடும். குறைந்த டோஸ் சைனஸ் படத்தைத் தவறிப்போய் மூளை விண்டோவில் திறந்துவிட்டு "படம் கெட்டுப்போச்சு" என்று சொல்வது இதனால்தான் நடக்கிறது.

ஸ்கேன் வரம்புக்குள் கண் லென்ஸ் வந்தே தீரும். எத்மாய்டு அறைகள் (இரு கண்களுக்கும் நடுவே உள்ள சைனஸ்) கண்குழிக்கு ஒட்டியபடி இருப்பதால் தப்பிக்க வழியில்லை. லென்ஸுக்குப் போகும் டோஸ் ஏறத்தாழ கன்சோலில் காட்டும் சிடிடிஐ (மெஷின் கொடுக்கும் டோஸின் அளவுகோல்) எண்ணின் அளவிலேயே இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கண்புரை உண்டாகும் வரம்பை 2011-இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 0.5 கிரே (உறிஞ்சப்படும் கதிரின் அலகு) என்று கீழே இறக்கியது. ஒரு ஸ்கேன் அதன் பக்கத்தில்கூடப் போகாது. ஆனால் நாள்பட்ட சைனஸ் தொல்லை உள்ளவர் ஒரு ஸ்கேனோடு நிற்பதில்லை.

ஒப்பிடும் முன் எந்த எண்ணைப் பார்ப்பது

ஒரு முறையை இன்னொன்றோடு ஒப்பிட எம்ஏஎஸ்-ஐ (எக்ஸ்ரே டியூபின் மின்னோட்டமான எம்ஏ-வை நேரத்தால் பெருக்கியது) வைத்துக்கொள்ளாதீர்கள். சில கம்பெனிகள் எம்ஏஎஸ்-ஐப் பிட்ச்சால் (ஒரு சுற்றில் மேஜை நகரும் தூரத்தைக் கதிர்க்கற்றையின் அகலத்தால் வகுத்த எண்) வகுத்து 'எஃபெக்டிவ் எம்ஏஎஸ்' என்றோ 'ஒரு ஸ்லைசுக்கு எம்ஏஎஸ்' என்றோ காட்டும் (சீமென்ஸும் பிலிப்ஸும் இந்த வகை). வேறு சில மெஷின்களில் எம்ஏ-வையும் சுழற்சி நேரத்தையும் தனித்தனியாகத் தருவோம். முதல் வகையில் பிட்ச்சை 0.8-இலிருந்து 1.2-க்கு ஏற்றினாலும் மெஷின் தானாக எம்ஏ-வைக் கூட்டி டோஸைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிடும். இரண்டாம் வகையில் எம்ஏ-வை நிலையாக வைத்திருந்தால் பிட்ச் ஏற ஏற டோஸ் இறங்கும். "பிட்ச்சைக் கூட்டினேன், டோஸ் குறைந்தது" என்று ஒருவர் சொன்னால், எந்த வகை மெஷின் என்று முதலில் கேளுங்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு. சிடிடிஐ-வால்யூம், மில்லிகிரேயில், தலைக்கு இது 16 செ.மீ. ஃபான்டமை (டோஸ் அளப்பதற்கான மாதிரி உருளை) வைத்துச் சொல்லப்படுகிறதா என்று டோஸ் ரிப்போர்ட்டில் சரிபாருங்கள். 32 செ.மீ. ஃபான்டம் என்று இருந்தால் எண் பாதியாகத் தெரிந்து ஏமாற்றும். இரண்டாவது டிஎல்பி, அதாவது அந்த எண்ணை ஸ்கேன் நீளத்தால் பெருக்கியது.

ஒரு மாதிரிக் கணக்கு: 20 மில்லிகிரே, 12 செ.மீ. நீளம் என்றால் டிஎல்பி 240. டிஎல்பியை முழு உடல் பாதிப்பின் அலகான மில்லிசீவர்ட்டாக மாற்ற, பெரியவர்களின் தலைக்கான காரணி 0.0021-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.5 மில்லிசீவர்ட். 4 மில்லிகிரேக்கு இறக்கினால் டிஎல்பி 48, அதாவது 0.1 மில்லிசீவர்ட். உலக சராசரியாக ஒருவர் இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார் என்பதோடு வைத்துப் பார்த்தால் அளவு புரியும். ஐந்து வயதுக் குழந்தைக்குக் காரணி 0.0040, அதே டிஎல்பி கிட்டத்தட்ட இரட்டிப்பு பாதிப்பாகிறது.

யாருக்குக் குறைந்த டோஸ் கூடாது

பல வழிகாட்டிகள் இதைக் கடைசியில் ஒரு வரியாகப் போட்டுவிடுகின்றன. மேஜையில் ஆளைப் படுக்கவைக்கும் முன்பே ரெஃபரல் சீட்டில் படிக்க வேண்டிய விஷயம் இது.

நாள்பட்ட சைனஸ் அழற்சி, பாலிப் (மூக்குச் சதை வளர்ச்சி), எண்டோஸ்கோப்பி அறுவைக்கு முந்தைய படம் ஆகியவற்றுக்குக் குறைந்த டோஸ் போதும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடும் தலைவலியோடு காய்ச்சல் என்று சிக்கல் சந்தேகம் எழுதியிருந்தால் அது வேறு ஸ்கேன்: கான்ட்ராஸ்ட் கொடுத்து, முழு டோஸில், கண்குழியும் மூளையும் சேர்த்து. கட்டி சந்தேகத்துக்கும் அதே; பெரும்பாலும் எம்ஆர்ஐ-யும் தேவைப்படும். பூஞ்சைத் தொற்று நடுவில் நிற்கிற கேஸ். சைனஸுக்குள் அடர்த்தியான பொருள் இருக்கிறதா என்று மென்திசு விண்டோவில் பார்க்க வேண்டியிருக்கும். டோஸை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தால் அந்த வித்தியாசம் நாய்ஸில் முங்கிவிடும். சர்க்கரை நோயாளி, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்று சீட்டில் இருந்தால் ரேடியாலஜிஸ்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சாதாரண சளி, பத்து நாள் மூக்கடைப்பு ஆகியவற்றுக்கு ஸ்கேனே வேண்டாம். அந்த நேரத்தில் எடுத்தால் பெரும்பாலானோரின் சவ்வும் தடித்துத்தான் தெரியும்.

படுக்கவைப்பதும் வரம்பு வைப்பதும்

மூக்குத்தி, கம்மல், கண்ணாடி, காது கேட்கும் கருவி, கழற்றக்கூடிய பல்செட் எல்லாம் வெளியே. மூக்குத்தி சின்னதுதான், ஆனால் அதன் கோடுகள் சரியாக ஆஸ்டியோமீட்டல் பகுதி (சைனஸ்கள் மூக்குக்குள் திறக்கும் இடம்) மேலேயே விழும். மூக்கைச் சிந்திவிட்டு வரச் சொல்லுங்கள்.

மல்லாந்து படுக்கவைத்து, கடின அண்ணம் கேன்ட்ரிக்கு (மெஷினின் வளையம்) இணையாக வரும்படி தாடையைச் சரிசெய்யுங்கள். மேஜை உயரத்தை ஒழுங்காக வையுங்கள். தலையின் மையம் கேன்ட்ரியின் மையத்தில் இருக்க வேண்டும். இது அழகுக்காகச் சொல்வதல்ல. போ-டை ஃபில்டர் (கதிரை ஓரங்களில் அதிகமாகத் தடுக்கும் வடிகட்டி) மையத்தை நம்பி வடிவமைக்கப்பட்டது. தலை மேலேயோ கீழேயோ நகர்ந்தால் ஒரு பக்கம் டோஸ் கூடும், மறுபக்கம் நாய்ஸ் கூடும். தானியங்கி எம்ஏ போட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: ஸ்கவுட் (வரம்பு குறிக்க முதலில் எடுக்கும் படம்) எடுக்கும்போது டியூபுக்கு நெருக்கமாகத் தலை இருந்தால் அது பெரிதாகத் தெரியும்; பெரிய தலை என்று நினைத்து மெஷின் எம்ஏ-வை ஏற்றிவிடும்.

ஸ்கவுட்டுக்குப் பக்கவாட்டுப் படம் ஒன்றே பல மெஷின்களில் போதும். நேர்ப்படமும் வேண்டும் என்றால் டியூபைக் கீழே வைத்து எடுங்கள், கதிர் பின்மண்டை வழியாக நுழையட்டும்.

வரம்பு: கீழே மேல் பற்களின் வேர்கள், மேலே ஃபிரன்டல் (நெற்றி) சைனஸின் உச்சி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 12 செ.மீ. இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். கீழ்த்தாடையிலிருந்து உச்சந்தலை வரை இழுத்தால் நீளம் இரட்டிப்பு, டிஎல்பியும் இரட்டிப்பு. பல் நிரப்புகளின் கோடுகளைத் தவிர்க்கிறேன் என்று அண்ணத்திலேயே வெட்டினால், பல் வேரிலிருந்து வந்த சைனஸ் தொற்று படத்துக்கு வெளியே போய்விடும். ஒரு பக்க மேக்சில்லரி (கன்ன) சைனஸ் மட்டும் அடைத்திருக்கும் நோயாளிக்கு அந்த வேர்தான் பெரும்பாலும் விடை.

நேவிகேஷன் அறுவைக்கு (படத்தை வழிகாட்டியாக வைத்துச் செய்வது) என்று எழுதியிருந்தால் விதிகள் கொஞ்சம் மாறும். கேன்ட்ரி சாய்வு பூஜ்யம். 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய, இடைவெளியில்லாத ஸ்லைஸ்கள். மூக்கு நுனியும் முகத்தோலும் படச் சட்டத்துக்குள் முழுதாக வர வேண்டும். தலையைக் கட்டும் பட்டை நெற்றித் தோலை அழுத்தி இழுக்கக் கூடாது. அறுவை அரங்கில் அந்தத் தோல் பரப்பை வைத்துத்தான் கருவி ஆளை அடையாளம் காண்கிறது.

முறைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால்

பழைய முறை, கவிழ்ந்து படுத்துக் கழுத்தை நிமிர்த்தி நேரடியாகக் கொரோனல் (முகத்துக்கு இணையான வெட்டு) எடுப்பது. பல் நிரப்பு நேராக வெட்டுக்குள் வரும். வயதானவரும் கழுத்து வலிக்காரரும் தாங்கமாட்டார்கள். அதோடு ஆக்ஸியலும் (குறுக்கு வெட்டு) தனியாக எடுத்தால் டோஸ் இரண்டு மடங்கு. இன்னும் எங்காவது இரண்டு திசையிலும் தனித்தனியாக ஸ்கேன் செய்யும் புரோட்டோகால் (ஸ்கேன் அளவுகளின் தொகுப்பு) மெமரியில் கிடந்தால், அதை நீக்குவதுதான் உங்கள் முதல் டோஸ் குறைப்பு.

இன்றைய அடிப்படை ஒரே ஒரு மெல்லிய ஹெலிக்கல் ஸ்கேன் (மேஜை நகர நகரச் சுழன்று எடுப்பது). கொரோனலும் சாஜிட்டலும் (பக்கவாட்டு வெட்டு) கம்ப்யூட்டரில் வெட்டிக்கொள்வது. இதில் ஒளிந்திருக்கும் விரயம், இரு முனைகளிலும் படத்தைக் கட்டியெழுப்பும் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனுக்காகக் கூடுதலாகச் சுழலும் பகுதி. மார்பு வயிறு முழுக்க ஓடும் ஸ்கேனில் அது சொற்பம், 12 செ.மீ. சைனஸில் அதன் பங்கு கணிசம். அகலமான கொலிமேஷனும் (கதிர்க்கற்றையின் அகலம்) உயர்ந்த பிட்ச்சும் இந்த வாலை நீளமாக்கும். 80 மி.மீ., 40 மி.மீ., 20 மி.மீ. என்று தேர்வு இருந்தால் சின்னதை முயன்று டிஎல்பியை ஒப்பிடுங்கள். முனைகளில் கதிரை மறைக்கும் நகரும் கொலிமேட்டர் உள்ள மெஷினில் இந்தக் கவலை குறைவு.

160 மி.மீ. அகல டிடெக்டர் உள்ள மெஷினில் மேஜை நகராமல் ஒரே சுற்றில் சைனஸ் முழுவதும் வந்துவிடும், வாலே கிடையாது. அசையும் குழந்தைக்கு இது அருமை. தேவையான அகலத்தை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள்; 120 போதுமான இடத்தில் 160 போட்டால் கிடைத்த லாபம் போச்சு.

இரட்டை டியூப் மெஷின்களின் உயர் பிட்ச் முறையில் பிட்ச் 3-ஐத் தாண்டும், ஸ்கேன் ஒரு வினாடிக்குள் முடியும். இவற்றில் சிலவற்றில் வரும் டின் ஃபில்டர்தான் சைனஸுக்கு உண்மையான வரம். படத்துக்கு உதவாமல் தோலிலும் லென்ஸிலும் மட்டும் படியும் பலவீனக் கதிர்களைத் தகரத் தகடு முன்கூட்டியே விழுங்கிவிடுகிறது. 100 கேவியோடு (டியூபின் மின்னழுத்தம்) டின் போட்டால் எம்ஏஎஸ் எண் பெரிதாகத் தெரியும்; பயந்து குறைக்க வேண்டாம், சிடிடிஐ எண்ணைப் பாருங்கள், அது மிகச் சிறியதாக இருக்கும்.

டின் இல்லாத மெஷினில் கேவியைக் குறைக்கலாமா? 120-இலிருந்து 100-க்கு வந்தால், எம்ஏஎஸ் மாறாவிட்டால், டோஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கும். ஆனால் கேவி குறைப்பின் பெரிய லாபம் அயோடின் கான்ட்ராஸ்ட் கொடுக்கும் ஸ்கேன்களில்தான். இங்கே கான்ட்ராஸ்ட் இல்லை. பல் உலோகத்தின் கோடுகளும் குறைந்த கேவியில் மோசமாகும். பெரியவர்களுக்கு 120 அல்லது 100-இல் நிறுத்தி எம்ஏஎஸ்-ஐ இறக்குவதையே முதலில் செய்யுங்கள். சிறு குழந்தைகளுக்கு 80 கேவி பொருத்தம்.

கோன் பீம் சிடி (கூம்பு வடிவக் கதிரால் ஒரே சுழற்சியில் எடுப்பது) எப்போதும் குறைந்த டோஸ் என்பது பாதி உண்மை. பெரிய சட்டத்தோடும் உயர் தெளிவு அமைப்போடும் எடுத்தால், நன்றாகச் செதுக்கிய ஹெலிக்கல் புரோட்டோகாலைவிட அது கூடுதலாகவே டோஸ் கொடுக்கும். எலும்புத் தெளிவு அபாரம். மென்திசு பலவீனம், ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களை நம்ப முடியாது. சுழற்சி 10 முதல் 40 வினாடி வரை ஆகலாம். அதற்குள் ஒரு முறை விழுங்கினாலே எலும்பு விளிம்புகள் இரட்டையாகிவிடும். அதன் டோஸ் பெரும்பாலும் டிஏபி (டோஸைக் கதிர் விழும் பரப்பால் பெருக்கியது) அளவில் வரும். அதை சிடிடிஐயோடு நேராக ஒப்பிட முடியாது, ஒரே ஃபான்டமை இரண்டிலும் வைத்து அளந்தால்தான் பேச்சு. ஃபோட்டான் எண்ணும் டிடெக்டர் கொண்ட சிடி 2021-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. மிகக் குறைந்த கதிரிலும் மின்னணு நாய்ஸ் சேராததால் இந்த வேலைக்கு ஏற்றது. வாய்ப்பு இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் பெரிய இழப்பில்லை.

எம்ஏஎஸ்-ஐப் படிப்படியாக இறக்குவது

அதிக லாபம் இந்த எளிய வேலையில்தான். நாய்ஸ் எம்ஏஎஸ்-இன் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு: பாதியாக்கினால் நாய்ஸ் 1.4 மடங்கு, கால்வாசியாக்கினால் 2 மடங்கு. ஸ்லைஸ் தடிமனுக்கும் இதே விதி. 100 எஃபெக்டிவ் எம்ஏஎஸ்-இலிருந்து 25-க்கு வந்து, கொரோனலை 1 மி.மீ.க்குப் பதில் 2 மி.மீ.யில் பார்த்தால் கண்ணில் படும் நாய்ஸ் 1.4 மடங்குதான்.

1. இப்போதைய புரோட்டோகாலின் கேவி, எம்ஏஎஸ், பிட்ச், கொலிமேஷன், கெர்னல் (படத்தின் கூர்மையை முடிவுசெய்யும் கணக்கு முறை), சிடிடிஐ, டிஎல்பி எல்லாவற்றையும் எழுதிவைத்து, அசலை வேறு பெயரில் சேமியுங்கள்.
2. தலை ஃபான்டமை வைத்து எடுத்து, மையத்தில் ஒரு வட்டம் போட்டு ஸ்டாண்டர்டு டீவியேஷனை (அதுதான் நாய்ஸின் எண்) குறித்துக்கொள்ளுங்கள்.
3. ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றி மறுபடி எடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.
4. கணக்கு சொல்லும் நாய்ஸோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் கூடினால் டிடெக்டருக்குப் போதுமான கதிர் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.
5. பிறகு நோயாளிகளில் 20 முதல் 30 சதவீதப் படிகளாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் சில கேஸ்களை ரேடியாலஜிஸ்ட்டும் ஈஎன்டி சர்ஜனும் டோஸ் எண்ணை மறைத்துப் பார்க்கட்டும். ஒப்பிடுவதற்காக ஒரே நோயாளியை இரண்டு முறை ஸ்கேன் செய்யக் கூடவே கூடாது.

"படம் நன்றாக இருக்கிறதா" என்று கேட்டால் பயனில்லை. குறிப்பாகக் கேளுங்கள்: லேமினா பேப்பிரேசியா (கண்குழிக்கும் எத்மாய்டுக்கும் இடையிலான மெல்லிய எலும்பு) தொடர்ச்சியாகத் தெரிகிறதா? கிரிப்ரிஃபார்ம் தட்டின் (மூக்கின் கூரை எலும்பு) பக்கச் சுவர்? அன்சினேட் பிராசஸின் (மூக்கின் பக்கச் சுவரில் உள்ள கொக்கி போன்ற எலும்பு) நுனி? ஸ்ஃபீனாய்டில் (பின்புற சைனஸ்) கரோட்டிட் தமனி மேல் உள்ள எலும்பு? சர்ஜனுக்கு வேண்டியவை இவைதான். ஆல்ஃபாக்டரி பள்ளத்தின் (மூக்குக் கூரைக்கு மேல் உள்ள குழிவு) ஆழத்தைக் கேரோஸ் வகையாகச் (1-3, 4-7, 8-16 மி.மீ.) சொல்ல முடிந்தால் எலும்புத் தெளிவு போதுமானது. மெல்லிய எலும்பில் ஓட்டை இருப்பதுபோல் தெரிந்தால் உடனே டோஸைக் குறை சொல்லாதீர்கள். 3 மி.மீ. ஸ்லைசில் பக்கத்துக் காற்றோடு கலந்து எலும்பு மங்குவதே பெரும்பாலும் காரணம். மெல்லிய ஸ்லைசைத் திறந்து பாருங்கள்.

தொடக்கத்துக்கு ஒரு அளவு வேண்டுமென்றால்: 120 கேவி, 25 முதல் 50 எஃபெக்டிவ் எம்ஏஎஸ், பிட்ச் 1-க்குச் சற்றுக் கீழே, சுழற்சி அரை வினாடி முதல் ஒரு வினாடி. தலையின் வடிவம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது என்பதால் தானியங்கி எம்ஏ இங்கே தரும் லாபம் குறைவு; நிலையான எம்ஏஎஸ் வைத்தாலும் தவறில்லை. தானியங்கி போட்டால் மேல்வரம்பு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். முகத்துக்கு முன்னால் வரும்போது மட்டும் எம்ஏ-வை இறக்கும் வசதி இருந்தால் இயக்குங்கள், லென்ஸுக்கு நல்லது.

கண்ணுக்கு மேல் பிஸ்மத் மூடி போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சைனஸ் ஸ்கேனில் அது பரிந்துரைக்கத்தக்கதல்ல. மூடிக்குக் கீழே கோடுகளும் எண் மாற்றமும் வரும், அதுவும் எத்மாய்டின் முன்பகுதியில். ஸ்கவுட்டுக்கு முன்பே போட்டுவிட்டால் தானியங்கி எம்ஏ அதையும் ஆளின் பகுதியாக எண்ணி டோஸைக் கூட்டும். வேறு வழிகள் இருக்கையில் அவற்றையே கருதும்படி அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2012-இலேயே சொல்லிவிட்டது. எம்ஏஎஸ்-ஐ இன்னொரு படி இறக்கினாலே அதே லாபம் கிடைக்கும்.

ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்

ஒரே ராவ் டேட்டாவிலிருந்து (டிடெக்டர் தரும் மூலத் தரவு) இரண்டு செட் செய்யுங்கள்: கூர்மையான எலும்பு கெர்னலில் 0.6 முதல் 1 மி.மீ., மென்மையான கெர்னலில் 3 மி.மீ. மென்திசுவுக்கு என்று மறு ஸ்கேன் எடுப்பது வீண். ஆனால் ராவ் டேட்டா கன்சோலில் நிரந்தரமாக இருப்பதில்லை, இடம் நிறைந்ததும் அழிந்துவிடும். இரண்டையும் புரோட்டோகாலிலேயே கட்டிவிடுங்கள். மெல்லிய ஸ்லைஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கான தூரம் தடிமனைவிடக் குறைவாக இருந்தால்தான் கொரோனலில் படிக்கட்டு விளிம்பு வராது. கொரோனலைக் கடின அண்ணத்துக்குச் செங்குத்தாக வெட்டுங்கள்; தலை சாய்ந்திருந்தால் இங்கேயே நேராக்கிக்கொள்ளலாம்.

இட்டரேட்டிவ் (திரும்பத் திரும்பக் கணக்கிட்டுத் திருத்தும்) ரீகன்ஸ்ட்ரக்‌ஷனும் டீப் லேர்னிங்கும் நாய்ஸை நன்றாகவே அடக்கும். அளவு மீறினால் படம் மெழுகு பூசியதுபோல் ஆகி, எத்மாய்டின் நூல் போன்ற தடுப்புகள் கரைந்துபோகும். நடுத்தர வலிமையில் தொடங்குங்கள். வலிமையைக் கூட்டுவது தானாக டோஸைக் குறைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்; அது கொடுக்கும் இடத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் எம்ஏஎஸ்-ஐ இறக்கினால்தான் குறையும்.

குழந்தைகளுக்கு

ஃபிரன்டல் சைனஸ் ஆறேழு வயதுக்கு முன் படத்தில் அவ்வளவாக இருக்காது; பெரியவர்களின் மேல்வரம்பை அப்படியே வைத்தால் நெற்றியையும் மூளையையும் காரணமின்றி ஸ்கேன் செய்கிறீர்கள். வயதுவாரியாகத் தனிப் புரோட்டோகால் வைத்திருங்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன், வேகமான சுழற்சியும் துணியால் சுற்றிப் படுக்கவைப்பதும் போதுமா பாருங்கள். ஸ்கேன் நேரமே இரண்டு மூன்று வினாடிதான். அசைந்து கெட்டுப்போன ஒரு குறைந்த டோஸ் ஸ்கேனை மறுபடி எடுத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

டியூப் மாற்றிய பிறகும் சாஃப்ட்வேர் புதுப்பித்த பிறகும் புரோட்டோகால்கள் சத்தமில்லாமல் கம்பெனியின் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கலாம். அன்று முதல் சைனஸ் நோயாளியைப் படுக்கவைத்ததும், ஸ்கேன் பட்டனுக்கு முன் கன்சோல் காட்டும் உத்தேச சிடிடிஐயை உங்கள் நோட்டில் உள்ள எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.